தளத்தடியில் மாப்பிள்ளைக்கு இலை

முதலில் என் அசட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்யாணமான புதிதில் நான் மனசார நம்பியது இது: ஒரு மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் கிடைக்கக்கூடிய ஆகப்பெரிய மரியாதை, புதிதாகப் போட்ட சிமெண்டுத் தளத்துக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுற்றிலும் அதைத் தாங்கி நிற்கும் முட்டுக்கட்டைகளை ஆட்கள் ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்க எடுக்க, வடை பாயசத்தோடு சாப்பிடுவதுதான். ஒரு நாள் இரண்டு நாள் நம்பவில்லை, மூன்று வருஷம் நம்பினேன். அரக்கோணத்தில் இருந்த அம்மாவுக்குக் கடிதம் வேறு போட்டேன், இங்கே என்னை எப்படி வைத்திருக்கிறார்கள் தெரியுமா என்று. தலைக்கு மேலே என்ன வைத்திருந்தார்கள் என்பதை எழுதவில்லை.

அந்த மரியாதையை எனக்குக் கொடுத்தவர் என் பெரிய மச்சான். மனைவிக்கு மூத்த அண்ணன். பெயர் சொல்லப்போவதில்லை. அவர் பிள்ளைகள் இன்றைக்கும் திருவள்ளூரில் வீடு கட்டிக்கொடுக்கிறார்கள். நான் குடியிருப்பதே அவர்கள் கட்டிய வீட்டில்தான். மழைக்காலம் வேறு வருகிறது.

கம்பெனியை ஆரம்பித்தவர் என் மாமனார். கரண்டி பிடித்த கையோடு கொத்தனாராக இருந்து, கட்டட முதலாளியானவர். ஆரம்பத்தில் அவர் போட்டதெல்லாம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதற்கு மேல் சின்னச் செங்கல், அதற்கு மேல் பழவேற்காட்டிலிருந்து வரும் கிளிஞ்சல் சுண்ணாம்பு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அதை நாள் கணக்காக அடிப்பார்கள். சுதந்திரம் வந்த பிறகு மாமனாருக்கு சிமெண்டு ஆசை வந்துவிட்டது. கம்பி கட்டி, ஜல்லியும் சிமெண்டும் கலந்து கொட்டினால் உத்திரமே வேண்டாம் என்றார். ஜனங்கள் நம்பவில்லை.

"உத்திரம் எங்க மேஸ்திரி?"

"உள்ளயே கீது."

"உள்ளன்னா? கண்ணுக்குத் தெரியாத உத்திரத்துக்குக் கீழ பொண்டாட்டி புள்ளையைப் படுக்க வெக்கச் சொல்றியா?"

இந்தக் கேள்விக்கு மாமனார் வாயால் பதில் சொல்லவில்லை. இருபத்தோரு நாள் தண்ணீர் கட்டிக் காய்ந்த தளத்துக்கு நேர் கீழே இலையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "தட்டுங்கடா" என்றார். சவுக்குக் கட்டைகள் ஒவ்வொன்றாக விழ, இவர் சாம்பார் முடித்து ரசத்துக்கு வந்தாராம். பரிமாறுகிறவன் பயத்தில் வாசலுக்கு வெளியே நின்று கையை மட்டும் உள்ளே நீட்டி ஊற்றினானாம். அன்றிலிருந்து அது கம்பெனி வழக்கமாகிவிட்டது. குடும்பத்து ஆள் ஒருவர் தளத்தடியில் இலை போட்டுச் சாப்பிட வேண்டும். கடைசி முட்டு விழுகிறவரை எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் தளத்தை உடைத்துவிட்டு எங்கள் செலவில் வேறு போட்டுத் தருகிறோம் என்று மாமனார் கடைத்தெருவில் நின்று சொல்லியிருந்தார். ஊர் அதைப் பத்திரம் மாதிரி வைத்துக்கொண்டது. வீட்டுக்காரர்கள் சிமெண்டு எத்தனை மூட்டை, கம்பி எத்தனை என்றெல்லாம் கேட்கமாட்டார்கள். "இலைக்கு யாரு உக்கார்றாங்க?" என்றுதான் கேட்பார்கள்.

நான் அந்த வீட்டு மாப்பிள்ளையாவதற்குச் சில மாதம் முன்பு மாமனார் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பெரிய மச்சான் கம்பெனியைக் கையில் எடுத்தார்.

ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ கக்கத்தில் குடை. வேட்டியில் ஒரு பொட்டு சுண்ணாம்பு இருக்காது. கட்டட வேலை பார்க்கிறவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க் என்று வேண்டுமானால் சொல்லலாம். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. புதுக் கட்டடத்துக்கு வந்தால் ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து நின்று, நிலைக்கட்டையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காதைக் கொடுப்பார். அப்படி நின்றபடியே எல்லா உத்தரவும் வரும்.

எதிலும் மற்றவர்களுக்கு முதலிடம் கொடுப்பார், அதுதான் அவர். காப்பி வந்தால் முதல் தம்ளர் உங்களுக்கு. பஸ்ஸில் முன் சீட்டு உங்களுக்கு. "மரியாதையை மொதல்ல குடுத்துடணும் மாப்ளே, மத்ததெல்லாம் அப்பால" என்பார். நான் அப்பா இல்லாமல் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் எனக்குக் கடைசித் தம்ளர்தான் வரும், அதுவும் பாதி. இந்த மனிதர் முதல் தம்ளரை நீட்டியதும் நான் விழுந்துவிட்டேன்.

கல்யாணமான மறு வாரம், வேலை நடக்கும் மனையில் கிணறு வெட்டித் தண்ணீர் வந்தது என்று கூட்டிப்போனார். கலங்கலாக ஒரு செம்பு.

"மொத வாய் நீங்கதான் குடிக்கணும் மாப்ளே. உங்க வாய் பட்டா ராசி."

குடித்தேன். மூன்று நாள் நான் வீட்டுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். அந்த மூன்று நாளும் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்து, ஓமத் தண்ணீர் வைத்துத் தந்தவர் அவர்தான். அந்த அன்பில் கிணற்றையே மறந்துவிட்டேன். கிணற்றை அவர் மறக்கவில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று ஆட்களிடம் நான் நடக்க ஆரம்பித்த முதல் நாள் மத்தியானமே சொல்லியாகிவிட்டது.

இன்னொரு முறை ஏணி. "மேல ஏறிப் பாருங்க மாப்ளே, ரயிலு போறது அப்பிடியே தெரியும்" என்றார். மூன்றாவது படி கையோடு வந்துவிட்டது. முழங்கால் தேய்ந்தது. "யார்றா இந்த ஏணியை வெச்சது, மாத்துங்கடா" என்று ஆட்களை அவர் கோபித்துக்கொண்டதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. நமக்காக ஏணியைக் கோபித்துக்கொள்ள உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறார் அல்லவா.

ஆரணி ஆற்றில் ஒரு நாள் இடுப்பளவு தண்ணீர்தான் இருக்கும் என்றார்கள். வண்டியை விட்டு இறங்கினோம். "நீங்க முன்னால போங்க" என்று கையைக் காட்டினார். போனேன். நடு ஆற்றில் நிற்கும்போது கரையிலிருந்து குரல் வந்தது.

"எவ்ளோ கீது மாப்ளே?"

"மாருக்கு மேல மச்சான்."

"அப்பிடியா. அப்ப நான் பாலத்தால சுத்திக்கினு வர்றேன். நீங்க பாத்துப் போங்க."

இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரிசையாக வரவில்லையே. நடுநடுவே வேறு காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. என் அம்மா காய்ச்சலோடு ரயிலில் வந்து இறங்கிய அன்று, கொட்டுகிற மழையில், வண்டி கிடைக்காமல், அந்த வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தவர் அவர்தான். நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். அதுவும் உண்மை. அது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

கம்பெனியில் எனக்குக் கொடுத்த வேலை, தாலுகா ஆபீசில் சிமெண்டு பர்மிட்டுக்கு க்யூவில் நிற்பது. அந்தக் காலத்தில் பர்மிட் இல்லாமல் ஒரு மூட்டை சிமெண்டு அசையாது. எனக்குக் கட்டடம் தெரியாது, க்யூ தெரியும். அதனால்தான் மற்றதெல்லாம் என் கண்ணில் பட்டும் புத்தியில் படவில்லை.

முதல் தளம் திருவள்ளூரில், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீடு. கலவை கொட்டி முடித்த அன்று சாயந்திரமே மழை பிடித்துக்கொண்டது. பாயையும் தார்ப்பாயையும் போட்டு மூடினோம். இருபத்தோராம் நாள் மச்சான் என் வீட்டுக்கு வந்து, என் மனைவி முன்னால், தாம்பூலம் வைத்துச் சொன்னார்.

"வாத்தியார் ஊட்டுத் தளத்துக்கு மாப்ளைதான் இலைக்கு உக்காரணும். தலை தீபாவளி மாதிரி இது தலைத் தளம்."

என் மனைவியின் முகம் மலர்ந்தது. நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன்.

இரண்டாவது பொன்னேரியில், ஒரு வக்கீல் வீடு. ஏலத்தில் எடுத்த பழைய கம்பி, துரு. மூன்றாவது பொதட்டூர்பேட்டையில் ஒரு நூல் வியாபாரி வீட்டுக் கூடம். "இவ்ளோ அகலம் நாங்க போட்டதேயில்ல" என்று மச்சான் பெருமையாகத்தான் சொன்னார். மூன்றுக்கும் இலை எனக்கு. இடையில் எட்டுப் பத்துத் தளங்களுக்கு அவரே உட்கார்ந்தார். அவர் உட்காரும்போது தயிர்சாதம், ஊறுகாய். நான் உட்கார்ந்தால் வடை, பாயசம், ஒரு தரம் ஜாங்கிரி. இதிலிருந்து நான் எடுத்த முடிவு: மச்சானுக்கு என் மேல் உயிர்.

நாலாவது தளம் கும்மிடிப்பூண்டியில். பழவேற்காட்டு பாய் ஒருவர், ஜவுளி வியாபாரி, தன் மகளுக்காக ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கட்டிய வீடு. நூறு மூட்டைக்கு எழுதிக் கொடுத்து, நாலு நாள் க்யூவில் நின்று, அறுபதுதான் வாங்க முடிந்தது.

"போதுமா மச்சான்?"

நிலைக்கட்டையை இரண்டு தட்டுத் தட்டினார். "போதும் மாப்ளே. கொஞ்சம் கிளிஞ்சல் சுண்ணாம்பு சேத்துக்கலாம். அந்தக் காலத்துல அதுலதானே எல்லாம் நின்னுது."

முட்டுத் தட்டுகிற நாள், ஒரு புதன்கிழமை. பதினோரு மணிக்கு நான் புது வேட்டியில் வந்து சேர்ந்தேன். கூடத்துக்கு நடுவில் தலைவாழை இலை. சுற்றிக் காடு மாதிரி சவுக்குக் கட்டைகள். பாயும் அவர் மனிதர்களும் வாசலில். மச்சான் வழக்கமான இடத்தில், ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே. அவர் தம்பி, என் சின்ன மச்சான், இருபத்திரண்டு வயசு, ஜன்னல் பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். வந்ததிலிருந்து என் கண்ணைப் பார்க்கவில்லை.

நான் கை கழுவும்போது மேஸ்திரி தண்ணீர் ஊற்றினார். மாமனார் காலத்து ஆள். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மாப்ளய்யா, ஒண்ணு சொல்றேன். உங்க தைரியம் யாருக்கும் வராது."

"எதைச் சொல்றீங்க மேஸ்திரி?"

"மழையில நனைஞ்ச தளம், துருக் கம்பித் தளம், அந்தப் பொதட்டூர்பேட்டை அகலத் தளம், இப்ப இந்தச் சுண்ணாம்புத் தளம். சந்தேகமானதுக்கெல்லாம் நீங்கதானே உக்கார்றீங்க. பெரியவரு கெட்டித் தளமாப் பாத்து உக்காந்துக்குவாரு. தனக்கு மனசு ஒப்பலன்னா 'மாப்ளைக்குச் சொல்லியனுப்பு'ன்னுடுவாரு. நாங்க ஆளுங்க பேசிக்கறதுதான், இந்தக் குடும்பத்துக்காக உசிரையே குடுக்கறாரு பாருன்னு."

செம்பிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. என் கை அதில் இல்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும், தெரியும்" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு கௌரவம்.

அங்கேயே திரும்பி நடந்திருக்க வேண்டும். ஆனால் வாசலில் பாய் மரியாதையாக வழிவிட்டார், யாரோ தோளில் மாலை போட்டார்கள், மச்சான் குனிந்து, "வாங்க மாப்ளே, உக்காருங்க" என்று இலையைக் காட்டினார். அந்தக் குரலில் இருந்த கனிவு மூன்று வருஷமாக இருந்த அதே கனிவு, ஒரு மாத்துக் குறையவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

முதல் கட்டை மூலையில் விழுந்தது. முப்பத்திரண்டு கட்டைகள். எண்ணுகிற பழக்கம் எனக்கு க்யூவில் வந்தது. அறுபது மூட்டையைக் கூடத்தின் நீள அகலத்தால் வகுத்துப் பார்த்தேன். என் தலைக்கு நேர் மேலே முக்கால் மூட்டை வரும் போலிருந்தது. வடையைப் பாயசத்தில் தோய்த்துச் சாப்பிட்டேன். வாழைப்பழத்தைத் தோலோடு சாப்பிட்டதாகப் பிறகு சொன்னார்கள். திருவள்ளூர்ப் பெருமாளை வேண்டினேன். வாத்தியார் வீட்டுத் தளத்துக்கு முன்பே வேண்டியிருக்க வேண்டும், அப்போது வேண்டாமல் இப்போது வந்து நிற்கிறாயே என்று அவர் கேட்பது போலிருந்ததால் திருத்தணிக்கு மாறினேன். பத்து விழுந்தது. பதினைந்து. ஒவ்வொரு சத்தத்துக்கும் என் தோள் காது வரைக்கும் ஏறி இறங்கியது. "பாருங்க, தாளம் போட்டுக்கினு சாப்பிடறாரு" என்று யாரோ வாசலில் சொன்னார்கள்.

இருபத்தெட்டாவது கட்டை விழுந்ததும் மேலே பலகை லேசாக விலகி, ஒரு பிடி மணல் பொலபொலவென்று பாயசத்தில் கொட்டியது.

வாசல் வழியாகப் போயிருக்கலாம். ஜன்னல்தான் பக்கத்தில் இருந்தது, அதற்குக் கம்பி இன்னும் வைக்கவில்லை. எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. வெளியே சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன். கையில் இலை. செருப்பு வாசலிலேயே கிடந்தது.

பாய் சுற்றிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி, சாப்பாடு புடிக்கலியா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு மச்சான் பக்கம் திரும்பினார்.

"எழுந்துட்டாரே மொதலாளி. எழுந்தா ஒடைச்சுட்டு வேற போட்டுத் தர்றதா உங்க நைனா சொல்லிக்கீறாரு."

மச்சான் அசையவில்லை. "மாப்ளைக்குக் காலையிலிருந்தே வயிறு சரியில்ல பாய். குடும்பத்து ஆளு ஒருத்தர் உக்காந்தாப் போதும், அதான் வழக்கம். தம்பி உக்காருவான்."

சின்ன மச்சான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டான். "நான் உக்கார மாட்டேண்ணா."

"இன்னாடா பேசற? நாலு கட்டைதான் கீது."

"நாலு கட்டைதானே. நீயே உக்காரு. மாமாவை உக்கார வெக்க வேணாம்னு ராத்திரியெல்லாம் சொல்லிக்கினே இருந்தேன். கேட்டியா நீ?"

மேஸ்திரி சம்மட்டியைத் தரையில் ஊன்றினார். ஆட்கள் எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். தொட்டியில் நின்றபடி நானும் பார்த்தேன். 'நீங்க முன்னால' என்று அவர் கையைக் காட்ட இனி ஒருவரும் மிச்சமில்லை.

குடையைச் சுவரில் சாய்த்தார். வெளியே இருந்த காலையும் எடுத்து உள்ளே வைத்தார். நடந்துபோய், வேறு இலை போடச் சொல்லி, உட்கார்ந்தார். சோறு வைத்தார்கள். பிசைந்தார். மேஸ்திரி இருபத்தொன்பதாவதைத் தட்டினார், விழுந்தது. முப்பதாவதும் விழுந்தது. இனி இருந்தது இரண்டே கட்டைகள், இலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மேஸ்திரி சம்மட்டியை ஓங்கும்போது மச்சானின் இடது கை தொடையிலிருந்து நாலு விரற்கடை மேலே எழுந்தது. அவ்வளவுதான். ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்குத் தெரிந்தது, மேஸ்திரிக்கும் தெரிந்தது. சம்மட்டி இறங்கவில்லை.

மச்சான் சாப்பிட்டு முடித்தார். இலையை மடித்தார். எழுந்து வெளியே வந்தார்.

"ரெண்டு நிக்குதே மொதலாளி" என்றார் பாய்.

"மணி பன்னெண்டு ஆச்சு பாய். ராகு காலம் பொறந்துடுச்சு. அதை நாளைக்கு எடுத்துக்கலாம்."

பாய் தாடியைத் தடவினார். "உங்க ராகு காலம் எனக்குத் தெரியாது. ஆனா மாப்பிள்ளை இன்னும் அஞ்சு நிமிஷம் உக்காந்திருந்தா, இந்த ரெண்டையும் தட்டியிருப்பீங்களா மாட்டீங்களா?"

மச்சான் சுவரில் சாய்த்திருந்த குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பாய் வற்புறுத்தவில்லை. "நாளைக்குச் சாயந்திரம் பழவேற்காட்டுலேர்ந்து வர்றேன். முட்டு இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் ஆட்களோடு போனார்.

எல்லோரும் விலகிய பிறகு மச்சான் தொட்டியண்டை வந்தார். கை கொடுத்து என்னை ஏற்றிவிட்டார். தோளில் இருந்த துண்டை எடுத்து என் காலில் இருந்த சுண்ணாம்பைத் துடைத்தார். குனிந்து துடைத்தார், தம்பிக்குத் துடைப்பது போல.

"எரியுதா மாப்ளே?"

"சந்தேகம்னு தெரிஞ்சுதான் என்னை உக்கார வெச்சீங்களா மச்சான்?"

துடைப்பதை நிறுத்தவில்லை. "நைனா படுக்கையில கீறாரு. தம்பிக்கு இன்னும் வேலை பழகல. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனி அன்னிக்கே படுத்துடும், அதை நம்பி நாப்பது ஊடு கீது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "உங்களுக்கு ஒண்ணு ஆனா தங்கச்சியை நாங்க பாத்துக்க மாட்டமா?"

இதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆறுதலாகச் சொன்னார். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஜீரணமாகவில்லை. அந்த நேரத்தில் சொல்வதற்கு எத்தனையோ வார்த்தைகள் இருந்தன. இருபது வருஷமாக விதவிதமாக யோசித்து வைத்திருக்கிறேன், சில நன்றாகவே இருக்கின்றன. அன்றைக்கு நான் சொன்னது, "பாத்துக்குவீங்க மச்சான்."

சாயந்திரம் திருவள்ளூருக்கு வந்து சேர்ந்தேன். வெறுங்காலோடு வந்ததைப் பார்த்தும் என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. சின்ன மச்சான் முன்னாலேயே வந்து எல்லாம் சொல்லியிருந்தான். காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

"பொதட்டூர்பேட்டைத் தளத்துக்கு முன்னால நான் அண்ணனைக் கேட்டேன்" என்றாள்.

"என்னன்னு?"

"ஏன் இவரையே கூப்பிடறீங்கன்னு. மரியாதைம்மான்னாரு."

"நீ நம்பினியா?"

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கேட்டேனே. நம்பியிருந்தா கேட்டிருப்பேனா?" என்றாள். உள்ளே போனாள். நம்பாமல் கேட்டவள் அதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு நாளில் அவ்வளவுதான் தாங்கும் என்று தோன்றியது.

சின்ன மச்சான் அந்த மாதமே பிரிந்து போய்த் தனியாக வேலை எடுத்தான். நான் கம்பெனிக்கு மறுபடி போகவில்லை, ஓர் அரிசி மில்லில் சேர்ந்துகொண்டேன். பெரிய மச்சான் பிறகும் வீட்டுக்கு வருவார், போவார். பேச்சில் எந்த மாற்றமும் இல்லை. ஒரு விசேஷத்துக்கும் என்னை விட்டுவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள் காலையில், செருப்பை எடுக்க முதல் பஸ்ஸில் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். புதுச் செருப்பு, விட மனசில்லை. போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. வீட்டுக்குள் யாரும் இல்லை. ஆட்கள் எல்லோரும் தெருவில் நின்றார்கள். உள்ளே மிச்சமிருந்த இரண்டு முட்டுகளின் அடியிலும் தாம்புக் கயிறு கட்டி, ஜன்னல் வழியாக வெளியே விட்டிருந்தார்கள். கயிற்றின் மறுமுனையை வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி நின்று மச்சான் இழுத்தார். முதலில் ஒன்று விழுந்தது, பிறகு மற்றது. தளம் விழவில்லை.